கறுப்பு ஸ்டவுட்டில் எதையெல்லாம் போடக்கூடாது

தம்பி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியட்டும். மண்டபத்திலிருந்து போய் அயர்லாந்தின் லிமெரிக் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறாய். கின்னஸ் மாதிரி ஒரு ஸ்டவுட்டை, அதாவது கறுப்பு பீரை, அங்கே வீட்டிலேயே காய்ச்ச இரண்டு தடவை முயன்றாய். முதல் தடவை இனிப்பும் சாக்லேட் வாசமுமாக வந்தது. இரண்டாவது தடவை அம்மா கொடுத்துவிட்ட சாயல்குடிக் கருப்பட்டியில் அரைக் கிலோ போட்டாய். தண்ணியாக, ஆஸ்பத்திரி வாடையோடு வந்தது. இரண்டிலுமே நுரை சோடா நுரை போல எழும்பி அடங்கிவிட்டது. கேனில் வருவது போல வரவேண்டுமானால் என்ன செய்ய வேண்டும், லீவுக்கு வரும்போது அப்பாவுக்காக மண்டபத்திலேயே ஒரு தடவை காய்ச்சலாமா என்று கேட்டிருக்கிறாய்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இங்கே காய்ச்சாதே. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, வீட்டில் குடிக்கத்தான் என்று சொன்னாலும் எடுபடாது. கரை நெடுகப் பனை நிற்கிற நம் மாவட்டத்தில் கள் இறக்கவே அனுமதி இல்லாதபோது, வாளியில் பீர் ஊறவைத்ததை யாரும் பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பா பெயரில் இருக்கிற வீட்டுக்கு அந்த வம்பு வேண்டாம். அயர்லாந்தில் சொந்தக் குடிப்புக்குக் காய்ச்சத் தடையில்லை, விற்கத்தான் கூடாது. அப்பாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போய் உன் கையால் ஊற்றிக் கொடு.

சரி, உன் பீருக்கு வருவோம். நான் கார்க் நகரத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் 11 வருஷம் இருந்தேன். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுத்துத்தான் எனக்கு இந்தக் கை வந்தது. இப்போது தங்கச்சிமடத்தில் இருக்கிறேன், காய்ச்சுவதை விட்டாயிற்று. கணக்கு மட்டும் மறக்கவில்லை. எனக்கும் நாலைந்து வருஷம் உன்னைப் போலத்தான் வந்துகொண்டிருந்தது. கறுப்பாக இருக்கிறதே என்று கறுப்பு மால்ட் எல்லாவற்றிலும் ஒரு பிடி, கனமாகத் தெரிகிறதே என்று இனிப்பு, காப்பி வாசம் வருகிறதே என்று ஒருமுறை டிகாக்‌ஷன்கூட ஊற்றினேன். ஒவ்வொன்றாக எடுத்துவிட்ட பிறகுதான் கின்னஸின் ருசி கிட்டே வந்தது. அதில் இருப்பது மூன்று தானியம், கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற கொடிப்பூ, ஒரு ஈஸ்ட், தண்ணீர். கனமான பீர் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், நம் டாஸ்மாக்கில் கிடைக்கிற பல பீர்களைவிடக் குறைவு. கனம் என்று நாக்குக்குத் தோன்றுவது நுரையும் வறுபட்ட கசப்பும் சேர்ந்து காட்டும் மயக்கம்.

20 லிட்டருக்குக் கணக்கு இது: பேல் மால்ட் 2.8 கிலோ, பார்லி அவல் 800 கிராம், கருக வறுத்த பார்லி 400 கிராம். பத்துக்கு ஏழு பங்கு, இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் எத்தனை லிட்டருக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பேல் மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லி. சத்துமாவுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைக்கும்போது மாவில் ஒரு இனிப்பு வருமே, அதே சங்கதி. முளைவிடும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தானியத்துக்குள் உண்டாகின்றன. பார்லி அவல், நம் நெல் அவல் மாதிரியே வேகவைத்துத் தட்டையாக்கியது. அதில் நொதி கிடையாது. மால்ட்டோடு சேர்ந்து ஊறினால்தான் அது கரையும். நீ மால்ட் சாறு டின்னை உடைத்து ஊற்றி, அவலைத் தனியாக வெந்நீரில் போட்டு வடித்ததாக எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்தால் கிடைப்பது கஞ்சித்தண்ணி. அதில் பீருக்கு உடம்பு வராது, கலங்கல்தான் வரும். டின் சாறை விட்டுவிட்டு முழுத் தானியத்துக்கு மாறு. கூடுதலாக இரண்டு மணி நேர வேலை, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. கருக வறுத்த பார்லி என்றால் முளைகட்டாத பார்லியை அப்படியே காப்பிக்கொட்டை மாதிரி உருளையில் போட்டுக் கறுக்க வறுத்தது. கடைக்காரர் கறுப்பு மால்ட்டையோ சாக்லேட் மால்ட்டையோ எடுத்துக் கொடுத்து எல்லாம் ஒன்றுதான் என்பார். வாங்காதே. கறுப்பு மால்ட்டில் சாம்பல் கசப்பு, சாக்லேட் மால்ட்டில் பேர் சொல்வது போலக் கோகோ வாசம். முளைகட்டாததை வறுத்தால்தான் அந்த வறண்ட காப்பிக் கசப்பு வரும். இதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. 1817-இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கறுப்பு பீர்கள் நிஜமாகவே கறுப்பானது அதற்குப் பிறகுதான். அப்போது வரி மால்ட் மேல்தான் இருந்தது. வரி தப்பிவிடும் என்பதால் முளைகட்டாத தானியத்தை பீரில் போடவே சட்டம் விடவில்லை. 1880-இல் பிரிட்டன் பிரதமர் கிளாட்ஸ்டன் அந்த வரியை எடுத்து பீர் மேல் வைத்த பிறகுதான் முளைகட்டாத பார்லிக்குக் கதவு திறந்தது. 1759-இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட்டில் இடத்தை 9000 வருஷக் குத்தகைக்கு எடுத்தாரே, அந்தக் காலத்தில் இன்றைய ருசி கிடையாது. அவர் அங்கே முதலில் காய்ச்சியது ஏல் என்கிற சாதாரண பீர்தான்.

உன் முதல் பீர் ஏன் இனித்தது என்பது இப்போது உனக்கே தெரிந்திருக்கும். கிரிஸ்டல் மால்ட் அரைக் கிலோ, சாக்லேட் மால்ட் 300 கிராம் என்று எழுதியிருக்கிறாய். கிரிஸ்டல் மால்ட்டை ஈரத்தோடு வேகவைத்து வறுப்பதால் உள்ளேயே சர்க்கரை பாகாகி நின்றுவிடுகிறது. அதில் ஒரு பங்கை ஈஸ்டால் தின்ன முடியாது, பீரிலேயே தங்கும். அது நல்ல பொருள்தான், வேறு பீருக்கு. கார்க்கில் என் கூட்டாளிகள் தங்கள் ஊர் மர்ஃபிஸை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அது கசப்புக் குறைந்த, மெத்தென்ற ஸ்டவுட். உன் முதல் பீர் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கின்னஸ் வேண்டுமென்றால் இரண்டையும் எடுத்துவிடு.

கருப்பட்டியைப் பற்றிச் சொல்ல எனக்கே மனசு இல்லை, நானும் போட்டுப் பார்த்தவன். நிறமும் மணமும் பார்த்தால் இதற்காகவே செய்தது போல இருக்கும். ஆனால் கருப்பட்டியில் பெரும்பகுதி ஈஸ்ட் முழுசாகத் தின்றுவிடக்கூடிய சர்க்கரை. இனிப்பு போய்விடும், ஆல்கஹால் ஏறும், உடம்பு மெலியும். மிஞ்சுவது ஒரு புகைந்த பனை வாசம். அதை 7 சதவீதத்துக்கு ஒரு பலமான ஸ்டவுட் காய்ச்சும்போது போடு, அருமையாக இருக்கும். 4.2 சதவீத பீரில் அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

அந்த ஆஸ்பத்திரி வாடைக்குக் கருப்பட்டி காரணமில்லை. வாளியைப் பாத்திரம் கழுவும் இடத்து பிளீச் ஊற்றிக் கழுவினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். குளோரின் மிச்சம் மால்ட்டிலும் ஈஸ்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்தால் பிளாஸ்டர் ஒட்டிய புண்ணைப் பிரிக்கும்போது வரும் வாடை வரும். துளி போதும். நம் ஊர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த அன்று டீ எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். பிளீச்சை விட்டுவிட்டு, கழுவி விடத் தேவையில்லாத அமிலக் கிருமிநாசினி வாங்கு. குழாய்த் தண்ணீரிலும் குளோரின் இருக்கும், அதனால் முந்தின இரவே 30 லிட்டர் தண்ணீருக்குக் கேம்ப்டன் மாத்திரை அரை மாத்திரையை நுணுக்கிப் போட்டுக் கலக்கி வை. சுத்தம் பற்றி ஒரு நர்ஸுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. கொதித்து ஆறிய பிறகு சாறைத் தொடுகிற எல்லாமே ஆபரேஷன் தியேட்டர் சாமான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ஆட்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். பனையேறி பாளை சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்திருப்பாய். என் சின்ன வயசில் சாயல்குடிப் பக்கம் சித்தப்பா வீட்டில், விடியற்காலையில் இறக்கிய கலயத்துக்குள் விரலை விட்டு வழித்துப் பார்ப்பேன். அடியில் வெள்ளையாக, நறநறவென்று இருக்கும். சுண்ணாம்பு இருந்தால் அது பதநீர். தடவ மறந்தால் காலையில் கள். புளிப்பை முறித்து, நொதிப்பதைத் தடுப்பது அந்தச் சுண்ணாம்பு. கடினமான தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அவ்வளவு கடுமையானதில்லை, ஆனால் புளிப்பை முறிக்கும் குணம் அதற்கும் உண்டு. கருக வறுத்த பார்லி புளிப்பை ஏற்றும். கடின நீர் அதை இழுத்துப் பிடித்துச் சமன் செய்யும். தானியம் ஊறுகிற தண்ணீரின் பிஹெச், அதாவது புளிப்பைக் காட்டும் எண், 5.3 பக்கம் நிற்க வேண்டும்; எண் இறங்கினால் புளிப்பு ஏறுகிறது. மென்மையான தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு கருக வறுத்ததைப் போட்டால் 5-க்குப் பக்கம் இறங்கிவிடும், ருசி கரிந்த புளிப்பாக, நாக்கைச் சுரண்டும்.

இதனால்தான் டப்ளின் தண்ணீர் கடினம், அதனால்தான் அங்கே கறுப்பு பீர் பிறந்தது என்று புத்தகங்கள் எழுதுகின்றன. அதைப் படித்துவிட்டுப் பலர் சுண்ணாம்பு உப்புகளை அள்ளிப் போடுகிறார்கள். செயின்ட் ஜேம்ஸ் கேட்டுக்கு வருவது விக்லோ மலைத் தண்ணீர், அது மென்மையானது. ஆகவே டப்ளின் பெயரைச் சொல்லி எதையும் கொட்டாதே. உன் கெட்டில் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நம் ஊர் போர்த் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே படிவு. அப்படியானால் உன் தண்ணீர் கடினம். மூன்று தானியத்தையும் ஒன்றாகப் போடலாம், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். நாளைக்கு மென்மையான தண்ணீர் உள்ள ஊருக்கு மாறினால், மால்ட்டையும் அவலையும் முதலில் ஊறவைத்து, கருக வறுத்த பார்லியைக் கடைசி 15 நிமிஷத்தில் மட்டும் சேர். நிறமும் ருசியும் வந்துவிடும், புளிப்பு முழுசாக ஏறாது.

இனி அடுப்பு. 11 லிட்டர் தண்ணீரை 72 டிகிரிக்குச் சூடாக்கித் தானியத்தைக் கொட்டிக் கிளறினால் சூடு 65-க்கு வந்து நிற்கும். அந்த 65-இல் ஒரு மணி நேரம் மூடி வை. போர்வை சுற்றினால் போதும். இந்த எண்ணை நீ விட்டுக்கொடுக்கக் கூடாது. 65 பக்கம் ஊறினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சின்னச் சர்க்கரைகள் அதிகம் உண்டாகும், பீர் வறண்டு வரும். 69, 70-க்குப் போனால் ஈஸ்டால் முழுசாகத் தின்ன முடியாத பெரிய சர்க்கரைகள் மிஞ்சும், எதையும் குறைத்துப் பயனில்லை, இனித்துக்கொண்டுதான் இருக்கும். சமையலறைத் தெர்மாமீட்டரை ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரிலும் ஒரு தடவை ஐஸ் கரையும் தண்ணீரிலும் வைத்துச் சரிபார்த்துக்கொள். என்னுடையது ஒன்று 4 டிகிரி குறைத்துக் காட்டியது. அதை நம்பி இரண்டு வருஷம் இனிப்பு பீர் குடித்தேன்.

வடிக்கும்போது அவல் பசை மாதிரி அடைத்துக்கொள்ளும், பழைய கஞ்சி வடிகட்டியில் நிற்பது போல. கால் கிலோ உமியைத் தானியத்தோடு கலந்துவிடு. அங்கே பீர் சாமான் விற்கிற கடைகளில் உமி கிடைக்கும். நம் களத்தில் கிடக்கிறதைக் காசு கொடுத்து வாங்குகிறோமே என்று முதல் தடவை கை தயங்கும், வாங்கு. பிறகு 75 டிகிரி வெந்நீர் 18 லிட்டரை மெதுவாக மேலே ஊற்றி, மொத்தம் 25 லிட்டர் சாறு பிடி. அதை 21 லிட்டராகச் சுண்டும் வரை கொதிக்கவை. கொதி வந்ததும் 'ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்' என்ற ஹாப்ஸ் (இந்த ஈஸ்ட் கிழக்கு, நொதிக்கவைப்பது இல்லை) 65 கிராம், பொட்டலத்தில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் இந்த அளவு; கூடக்குறைய இருந்தால் அதற்கேற்ப மாற்று. ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். வாசத்துக்கு என்று கடைசியில் ஹாப்ஸ் போடுவது இந்த பீரில் கிடையாது.

கடைசி 10 நிமிஷத்தில் போடுகிற ஒன்றைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். கலங்கலை இழுத்துக் கீழே தள்ள ஐரிஷ் மாஸ் என்று ஒரு பொடி விற்பார்கள். பெயரில் பாசி என்றாலும் அது அயர்லாந்துக் கரைப் பாறைகளில் வளரும் சிவப்புக் கடல்பாசி. அங்கத்திய மொழியில் அதன் பேர் காரகீன். பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருளான காராகீனன் என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது. இப்போது மண்டபத்துக் கரையை நினைத்துப் பார். மூங்கில் தெப்பத்தில் கயிறு கட்டி நம் பெண்கள் வளர்க்கிற கப்பாபைகஸ் பாசி, சிலர் பெப்சி பாசி என்பார்களே, 45 நாளில் அறுத்துக் கரையில் காயப்போடுவார்களே, அதிலிருந்து எடுப்பதும் இதே காராகீனன்தான். என் அக்கா தங்கச்சிமடத்துக் கரையில் ஏழு வருஷம் தெப்பம் போட்டாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றின் முடிச்சுகளில் நாற்றுப் பாசியைச் செருகி, விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப்போய் வருவாள். கார்க்கில் கடைக்காரர் அந்தப் பொடியைக் கையில் கொடுத்தபோது எனக்கு முதலில் அவள் கைதான் ஞாபகம் வந்தது. கொதிக்கிற சாறில் இருக்கும் புரதங்களை அந்தப் பாசியின் சத்து பிடித்துக்கொண்டு திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். ஒரு டீஸ்பூன் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டால் போதும். கறுப்பு பீரில் தெளிவு கண்ணுக்குத் தெரியாது, போடாவிட்டாலும் குடி முழுகாது. நான் ஒரு தடவையும் போடாமல் விட்டதில்லை. ஊரிலிருந்து காய்ந்த பாசியை அப்படியே எடுத்துப் போய்ப் போட மட்டும் நினைக்காதே, உப்பும் கடல் வாடையும் ஏறிவிடும்.

இதைப் போலவே இன்னொன்று. பீப்பாயில் பீரைத் தெளியவைக்கப் பழங்காலத்திலிருந்து மீனின் காற்றுப்பையைக் காயவைத்துக் கரைத்துப் போடுவார்கள். கூரல் மீன் சிக்கினால் நெட்டிக்காகவே பாம்பனில் நல்ல விலை போகுமே, அந்த நெட்டிதான். கின்னஸிலும் அது நெடுங்காலம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் நிறுத்திவிட்டார்கள். உனக்கு அது தேவையில்லை.

ஆறவைத்து, சாறின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தால் 1.042 பக்கம் காட்ட வேண்டும். ஐரிஷ் ஏல் ஈஸ்ட் என்றே பாக்கெட்டில் விற்கிறார்கள், அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் எஸ்-04 என்ற உலர் ஈஸ்ட் ஒரு பாக்கெட். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு நடக்கும். நானும் செய்தேன். அயர்லாந்து வீடுகளில் துணி காயவைக்க வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரி ஒன்று இருக்குமே, ஹாட் பிரஸ் என்பார்கள். இட்லி மாவு பொங்குவதற்கு அதுக்குள்தானே வைப்போம். பீரும் மாவு மாதிரிதானே என்று என் முதல் வாளியை அதற்குள்ளேயே வைத்தேன். மூன்று நாளில் எல்லாம் முடிந்து அடங்கிவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். மூடியைத் திறந்தால் நெயில் பாலிஷ் வாசம். குடித்த மறுநாள் தலை வெடித்தது. ஈஸ்ட் 28 டிகிரியில் வேகமாக வேலை செய்யும், ஆனால் வேண்டாததையெல்லாம் உண்டாக்கிவிட்டுப் போகும். 18-லிருந்து 20 டிகிரிக்குள் வை. ஹாலில், ஹீட்டருக்கு எட்டத்தில், தரையில் வைத்தால் போதும். ஒரு வாரத்தில் கொந்தளிப்பு அடங்கும், இன்னும் ஒரு வாரம் சும்மா விடு. கடைசியில் 1.010 அல்லது அதற்குக் கீழே, மூன்று நாள் அசையாமல் நிற்க வேண்டும்.

கின்னஸில் ஒரு மெல்லிய புளிப்பு இருக்கிறது, அதற்காகக் கொஞ்சம் சாறைத் தனியாகப் புளிக்கவைத்துக் கலக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கருக வறுத்த பார்லியிலேயே அந்தப் புளிப்பு இருக்கிறது. ஊறலை ஒழுங்காகப் பிடித்தவனுக்கு அது தானாக வரும்.

இனி நுரை. உனக்கு உண்மையில் குறையாக இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கண்ணுக்கு முதலில் தெரிவது அது. சாதாரண பீரில் இருப்பது கரியமில வாயு. அது நன்றாகக் கரையும், பெரிய குமிழியாக வெளிவரும், நாக்கில் சுரீரென்று குத்தும். டிராஃப்ட் கின்னஸில் பெரும்பங்கு நைட்ரஜன். பீரில் அது ரொம்பக் கொஞ்சமாகத்தான் கரையும். வெளிவரும்போது ஊசிமுனைக் குமிழிகளாக வரும், அதனால்தான் அந்த வெண்ணெய் போன்ற நுரை. மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் கின்னஸில் வேலை பார்த்து இந்த முறையைக் கண்டுபிடித்தார், 1959-இல் வெளிவந்தது. கேனுக்குள் வைக்கிற பிளாஸ்டிக் சாமான் 1988-இல் வந்தது. கேனைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, அதன் சின்னத் துளை வழியாக வாயுவும் பீரும் பீய்ச்சி அடித்து உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் நுரைக்கவைக்கிறது.

வீட்டில் இதை அப்படியே செய்ய வேண்டுமானால் பீப்பாய், முக்கால் பங்கு நைட்ரஜனும் கால் பங்கு கரியமில வாயுவும் கலந்த சிலிண்டர், துளைத் தகடு வைத்த ஸ்டவுட் குழாய் எல்லாம் வாங்க வேண்டும். அழுத்தம் 30 பிஎஸ்ஐ அல்லது கொஞ்சம் மேலே. வருஷத்துக்கு நாலு தடவை காய்ச்சுகிறவனுக்கு இது நியாயமான செலவில்லை என்பது என் கருத்து. பாட்டிலிலேயே நன்றாகச் செய்யலாம். நீ 20 லிட்டருக்கு 150 கிராம் சர்க்கரை போட்டு அடைத்திருக்கிறாய், அது லாகர் என்கிற வெளிர்நிற பீருக்கான அளவு. 75 கிராம் போதும். கொதிக்கவைத்து ஆறவைத்த பாகாகச் சேர்த்து அடைத்து, மூன்று வாரம் அறைச் சூட்டில் வை. குத்தல் குறையும், வறுபட்ட ருசி முன்னால் வரும்.

ஊற்றும்போது ஒரு வேலை செய். புது 10 மில்லி சிரிஞ்ச், ஊசி இல்லாமல். கிளாஸில் முக்கால் ஊற்றிக்கொண்டு, அதிலிருந்தே 10 மில்லி உறிஞ்சி, நுனியை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே பிடித்து ஒரே அழுத்தாக பீரின் உள்ளேயே பீய்ச்சு. கிளாஸ் முழுவதும் ஒரு நொடி பழுப்பாகப் புரண்டு, அப்புறம் மேலே வெளுத்து, கீழே கறுத்துப் பிரியும். பாம்பன் டீக்கடையில் மாஸ்டர் ஆற்றி ஊற்றும்போது டீக்கு மேலே சின்னச் சின்னக் குமிழியாக ஒரு படை நிற்குமே, அந்த மாதிரி. நைட்ரஜன் இல்லாமலே பாதி தூரம் போய்விடலாம். கிளாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும்: மீன் குழம்பு நடமாடுகிற நம் வீட்டுக் கிளாஸில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் இருக்கும், நுரையைக் கொல்ல அது போதும். பீருக்கு இரண்டு கிளாஸைத் தனியாக எடுத்து வை, வாஷிங் சோடாவில் கழுவி நல்ல வெந்நீரில் அலசு.

அந்தக் குமிழிகள் கிளாஸ் ஓரத்தில் மேலே போகாமல் கீழே இறங்குவதைக் கவனித்திருப்பாய். 2012-இல் அதற்கான காரணத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர்கள் உன் லிமெரிக் பல்கலைக்கழகத்துக் கணிதக்காரர்கள்தான். கிளாஸ் மேலே அகன்று கீழே குறுகியிருப்பதால், நேரே மேலே எழும் குமிழிகள் சாய்ந்த சுவரை விட்டு விலகுகின்றன. சுவரோரம் குமிழி குறைந்த கனமான பீர் கீழே இறங்குகிறது. சின்னக் குமிழிகளை அது கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. நடுவில் எல்லாம் மேலேதான் போகிறது, நமக்குத் தெரிவது ஓரம் மட்டும்.

கணக்கு என்றதும் இன்னொருவர். நர்சிங் படிப்பில் ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட் படித்திருப்பாய். அந்த ஸ்டூடன்ட் கின்னஸில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். கொஞ்சம் மாதிரிகளை மட்டும் வைத்து எப்படி முடிவுக்கு வருவது என்று யோசித்து, 1908-இல் அந்தப் புனைபெயரில் எழுதினார். உன்னிடம் இருப்பதும் இரண்டே மாதிரி, இரண்டிலும் ஐந்தாறு விஷயத்தை ஒன்றாக மாற்றிவிட்டாய், அதனால் எது எதைக் கெடுத்தது என்று உனக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை நான் சொன்னபடி ஒரு முறை காய்ச்சு, எதையும் சேர்க்காமல். ருசி பிடிக்காவிட்டால் அடுத்த தடவை ஒன்றை மட்டும் மாற்று. முதலில் கருக வறுத்த பார்லியை 50 கிராம் கூட்டியோ குறைத்தோ பார்.

ஒரு நோட்டில் ஊறலின் சூடு, கொதிக்கும் முன் எத்தனை லிட்டர், ஹைட்ரோமீட்டர் முதலில் என்ன, முடிவில் என்ன என்று எழுதி வைத்து எனக்கு அனுப்பு. பாட்டில் திறக்கிற அன்று கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார், கறுப்பு இல்லை, ஓரத்தில் அடர்ந்த சிவப்பாக மின்ன வேண்டும். முடிவு எண் 1.014-க்கு மேலேயே நின்றுவிட்டால் ஈஸ்டைத் திட்டாதே, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டுபோய் ஐஸ் தண்ணீரில் வை.